வளையலும் வங்கிப் பத்திரமும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் ஒன்று. செய்தே தீர வேண்டிய கடமை மற்றொன்று. பிள்ளைகளைப் படிக்க வைப்பது பெற்றோரின் கடன் என்று முன்னோர் சொன்னபோது இரண்டாவது பொருளையே மனத்தில் கொண்டிருந்தனர். இன்று அந்தக் கடனை நிறைவேற்ற, முதற்பொருளில் வழங்கும் கடனையும் வாங்கியாக வேண்டியுள்ளது. குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை, சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரை, மே மாதத்தில் எந்த வீட்டு வாசலில் நின்று செவிமடுத்தாலும் ஒரே உரையாடல்தான். எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், பணத்துக்கு எங்கே போவது?

நாங்கள் முடிச்சூரில் குடியிருப்பவர்கள். எங்களுள் ஒருவர் தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதி வளாகத்தின் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்தவர். மற்றவர் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வீட்டில் பாட்டி, ஒரு மகள், ஒரு மகன். மகளின் பெயரில் 2014-இல் எழுதப்பட்ட கல்விக் கடன் 2024 ஆகஸ்டு மாதத்தில் முற்றாக அடைபட்டது. இந்தப் பத்தாண்டுகளில் நாங்கள் பார்த்ததையும் கணக்கிட்டதையும், இப்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவை எதிர்நோக்கியிருக்கும் வீடுகளோடு பகிர்ந்துகொள்ளவே இதனை இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். வட்டி, தவணை என்ற பேச்சு இலக்கியப் பக்கத்துக்குப் பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். ஒரு குடும்பத்தின் அச்சமும் அன்பும் நம்பிக்கையும் ஒரே தாளில் எழுதப்படுமானால், அது கடன் பத்திரத்தில்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

*

மின்தொடர் வண்டியில் தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்வோர் குரோம்பேட்டையைக் கடக்கும்போது அங்குள்ள தொழில்நுட்பக் கழகத்தை நினைவில் கொள்ளலாம். எம்.ஐ.டி. என்று எல்லாரும் அழைக்கும் அந்த நிறுவனத்தை 1949-இல் தோற்றுவித்தவர் சி. ராஜம். அதற்கென அவர் தம்முடைய 'இந்தியா ஹவுஸ்' என்னும் மாளிகையையே விற்றார். 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அக்கழகம் அதன் அங்கமாயிற்று.

ஒருவர் வீட்டை விற்று எழுப்பிய அக்கழகத்துக்குள் நுழைய, இன்னொருவர் நகையை அடகு வைக்க வேண்டியிருந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்த இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் 1954-ஆம் ஆண்டுவாக்கில் இங்கே வானூர்திப் பொறியியல் பயில விரும்பினார். சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. தந்தையாரிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா சொஹரா தம்முடைய தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அந்த இளைஞரே பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே இதனைப் பதிவு செய்திருக்கிறார். அக்காவின் வளையல்களைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பதென அன்று உறுதி பூண்டதாகவும், அதற்கு அப்போது தமக்கிருந்த ஒரே வழி நன்கு படித்து உதவித்தொகை பெறுவதே என்றும் அவர் எழுதுகிறார். பின்னர் ஒருமுறை வானூர்தி வடிவமைப்புப் பணி தாமதமானபோது பேராசிரியர் ஸ்ரீநிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று எச்சரித்தாராம். உணவையும் உறக்கத்தையும் மறந்து அந்த இளைஞர் பணியை முடித்தார்.

இந்த நிகழ்ச்சியைத் தியாகத்தின் கதையாகவே மேடைகளில் கேட்டிருக்கிறோம். தியாகம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் கடன் வாங்கப் புறப்படும் பெற்றோர் அதில் இன்னும் இரண்டு செய்திகளைக் காணலாம். நகை வாயிலைக் கடப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. படிப்பை நடத்திச் செல்ல வேறொரு வழி தேடப்பட்டது. அடுத்து, கடனைத் தீர்க்கும் பொறுப்பைப் படித்தவரே தம் மீது ஏற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் 2014-இல் எடுத்த முடிவு ஏறக்குறைய இந்த இரண்டையும் ஒட்டியே அமைந்தது.

*

தமிழகத்தில் 1984-85 கல்வியாண்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறக்கப்பட்டது. வண்டலூரிலும் காட்டாங்குளத்தூரிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கல்லூரிகள் எழுந்தன. இடங்கள் பெருகின, கட்டணமும் கூடவே வந்தது. அந்நாளில் நடுத்தரக் குடும்பத்துக்குக் கல்விக்கான கடன் என்றால் பெரும்பாலும் நகைக் கடையும், ஊரிலுள்ள நிலமும், மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி கேட்கும் தனியாருமே. இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் ஒன்றை வகுத்தது. பிற்பாடு சிற்சில மாற்றங்கள் பெற்ற அத்திட்டத்தின் சாரம் எளிமையானது. 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு எதுவும் வேண்டியதில்லை. நம் கைப்பங்கும் வேண்டியதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்டால் போதும். அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாமவர் பிணையும், அதற்கும் மேலெனில் வீடு, மனை போன்ற ஈடும் கேட்கப்பட்டன. படிக்கும் காலத்தில் தவணை இல்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த ஆண்டு எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. வீட்டுப் பத்திரத்தை வைத்துத் தனியாரிடம் மொத்தமாக வாங்கலாம். திருமணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பதினாறு சவரன் நகையை அடகு வைக்கலாம். வருங்கால வைப்பு நிதியில் கை வைக்கலாம். மகளின் பெயரில் வங்கியில் கல்விக் கடன் எழுதலாம்.

பாட்டிக்கு நான்காவது வழி அறவே பிடிக்கவில்லை. "நகை எதுக்கும்மா இருக்கு? ஆபத்துக்குத்தானே? வயசுப் பொண்ணு பேர்ல கடன எழுதி வச்சா நாளைக்கு எந்த வீட்டுல பொண்ணு எடுப்பாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எங்களால் இயலவில்லை. மகள் மணமாகிச் செல்லும்போது கடனும் அவளோடு செல்லும். அவள் ஊதியத்தின் மீது இன்னொரு குடும்பத்துக்கு எதிர்பார்ப்பு இருக்கும். பெண்ணின் சம்பாத்தியம் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு நம் சமூகம் இன்னும் நேர்மையான விடை சொல்லவில்லை. பாட்டி அதை அறிந்தே பேசினார்.

ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தவர். அவர் சொன்னது இன்றும் நினைவில் நிற்கிறது. "நகை ஒரு மணி நேரத்துல பணமாகும். வங்கிக் கடன் அப்படி வராது. அவசரத்துக்கு உதவுறதை அவசரம் இல்லாத செலவுக்குக் கொடுத்துட்டா, அவசரம் வர்றப்ப என்ன செய்வீங்க? நாலு வருசப் படிப்புங்கறது முன்கூட்டியே தெரிஞ்ச செலவு." வீட்டை ஈடாக வைப்பதைப் பற்றி அவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "பிள்ளை படிக்கிறப்ப வந்து தங்குறதுக்கும் வீடு வேணும்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "என் பேர்ல கடன் எழுதலைன்னா, அதை எத்தனை வயசு வரைக்கும் அப்பா கட்டுவீங்க?" எங்களுள் ஒருவர் ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற வேண்டியவர். கணக்கிட்டால் ஓய்வுக்குப் பின்னும் தவணை நீண்டது. மகன் கல்லூரிக்குச் செல்லும் ஆண்டும் நடுவில் வந்தது. அன்றிரவே முடிவு செய்தோம். கடன் அவள் பெயரில், கையொப்பம் எங்களுடையதும், நகை பாலமாக மட்டும், வைப்பு நிதியையும் வீட்டையும் தொடுவதில்லை.

*

கடனில் தொகைக்கு இணையாகக் காலமும் முக்கியம். அந்நாளில் பொறியியல் கலந்தாய்வு கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடைபெற்றது. 2018 முதல் அது இணையவழிக்கு மாறியது. ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த சில நாட்களிலேயே கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். வங்கியோ கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தையும் நான்கு ஆண்டுச் செலவு மதிப்பீட்டையும் பார்த்த பின்னரே விண்ணப்பத்தை எடுக்கும். இந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் வட்டிக்காரரிடம் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று காதுக்குச் சிறிதாகக் கேட்கும் வட்டி, ஆண்டுக்கு 36 விழுக்காடு. 3,60,000 ரூபாய்க்கு அது மாதம் 10,800 ரூபாய்; முதல் அப்படியே நிற்கும். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003-இல் சட்டம் இயற்றியது. சட்டம் இருந்தும், கட்டணத்துக்கு நாளை கடைசி நாள் என்னும்போது மனிதர் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போவதில்லை.

நாங்கள் ஐந்து சவரனை வங்கியில் வைத்து 60,000 ரூபாய் பெற்றுச் சேர்க்கையை முடித்தோம். அதே வாரத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்தோம். ஒரு கிளையில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்; ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சான்றிதழ் கேட்டார்கள். மனந்தளராமல், நாங்கள் கொடுத்த தாள்களுக்கெல்லாம் தேதியிட்ட ஒப்புகை கேட்டு வாங்கினோம். ஒப்புகை கேட்கத் தொடங்கிய பின் கோப்பு நகர்ந்தது. நான்காம் மாதத்தில் முதல் தவணைக் கடன் வந்தது. முன்பே செலுத்திய கட்டணத்தின் ரசீதைக் காட்டியபோது அத்தொகையும் எங்கள் கணக்கில் வரவானது. அன்றே நகையை மீட்டோம். நான்கு மாதப் பாலத்துக்கு நாங்கள் தந்த வட்டி ஏறத்தாழ 2,400 ரூபாய்.

அடகு என்றதும் நம் மனம் கூசுகிறது. ஆனால் நியாயமான அடகு ஒரு காலத்தில் அறச்செயலாகவே தோன்றியது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவியர், ஏழைகள் கொடும் வட்டியில் சிக்காதிருக்க, சிறு பொருளை ஈடாகப் பெற்றுக் குறைந்த செலவில் கடன் தரும் இரக்க நிதியங்களை ஏற்படுத்தத் தூண்டினர். பெருஜியா நகரில் 1462-இல் அத்தகைய நிதியம் ஒன்று எழுந்தது. நடத்தும் செலவுக்காகச் சிறு தொகை பெறுவதும் பாவமான வட்டியா என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். 1515-இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. கடன் வாங்குபவரின் நிலையை எண்ணி வகுக்கப்பட்ட கடனும் உண்டு, அவர் இக்கட்டை எண்ணி வகுக்கப்பட்ட கடனும் உண்டு என்பதை அந்நாளிலேயே பிரித்தறிந்திருக்கிறார்கள்.

*

இனி வட்டிக் கணக்கு. எங்களுக்குத் தேவைப்பட்டது ஆண்டுக்கு 90,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுக்கு 3,60,000. கல்விக் கட்டணம் மட்டுமன்றிப் பேருந்து, தேர்வு, நூல், கணினி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். 4 லட்சத்துக்குள் நின்றதால் ஈடு தேவைப்படவில்லை. வட்டி விகிதம் இடையே ஏறி இறங்கினாலும் எளிமைக்காக 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

முதலாண்டு 90,000 ரூபாய்க்கு மாத வட்டி 900 ரூபாய். இரண்டாம் ஆண்டு 1,800. மூன்றாம் ஆண்டு 2,700. நான்காம் ஆண்டும், படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓராண்டும் 3,600. ஐந்தாண்டில் மொத்தம் 1,51,200 ரூபாய். இதனைக் கட்டாமல் விட்டால் முதலோடு சேர்ந்து கடன் 5,11,200 ரூபாயாக நிற்கும். அதை ஐந்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 11,370 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டால் கடன் 3,60,000 ஆகவே இருக்கும். தவணை ஏறத்தாழ 8,000 ரூபாய். மொத்தத்தில் மிச்சம் ஏறக்குறைய 50,000 ரூபாய். படிக்கும் காலத்தில் வட்டி செலுத்துவோருக்கு ஒரு விழுக்காடு வட்டிச் சலுகையும் அத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தது.

பணத்தைக் காட்டிலும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. புதிதாக வேலையில் சேரும் இளம்பெண்ணுக்கு 8,000 ரூபாய்த் தவணை தாங்கக்கூடியது. 11,000 ரூபாய்த் தவணை, கிடைத்த முதல் வேலையை அது எத்தகையதாயினும் பற்றிக்கொள்ளச் செய்யும். ஆகவே வட்டி எங்கள் பங்கு, முதல் அவள் பங்கு என்று பிரித்துக்கொண்டோம். மாதம் கட்டி வந்த ஏலச்சீட்டு ஒன்று அவ்வாண்டு முடிந்திருந்தது. புதுச்சீட்டில் சேராமல் அந்தப் பணத்தை வட்டிக்குத் திருப்பினோம்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி பயிலும் காலத்து வட்டியை நடுவண் அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் இருவர் ஊதியமும் சேர்ந்து அந்த வரம்பைச் சற்றே தாண்டியதால் எங்களுக்கு அது கிட்டவில்லை. எங்கள் தெருவிலேயே தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகன் அதனைப் பெற்றான். கலந்தாய்வு வழியே சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தமிழக அரசு 2010-11 முதல் தந்த கட்டணச் சலுகையும் அவனுக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் தேவைப்பட்டவை வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழ்கள். அவற்றை ஏப்ரல் மாதத்திலேயே வாங்கி வைத்திருந்தார் அந்தத் தந்தை. சலுகை இருந்தும் சான்றிதழ் காலத்தில் கிட்டாமல் இழந்தவர்களையும் அதே தெருவில் கண்டோம்.

*

மகள் இரண்டாம் ஆண்டு படிக்கையில் 2015-ஆம் ஆண்டின் மழை வந்தது. நவம்பரிலேயே முடிச்சூர் ஒருமுறை மூழ்கியிருந்தது. திசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டது. எங்கள் வீட்டுக்குள் மார்பளவு நீர். பாட்டியை நாற்காலியோடு தூக்கிச் சென்று மாடி வீட்டில் அமர்த்தினோம். மகள் தன் சான்றிதழ்களை நெகிழிப் பையில் சுற்றித் தலைமேல் தாங்கி வந்தாள். நீர் வடிந்தபோது குளிர்பதனப் பெட்டி, கட்டில், இருசக்கர வாகனம், மின்சார இணைப்புகள் எதுவும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் தெருப் பெரியவரின் சொல் எங்களுக்கு முழுமையாக விளங்கியது. நகை வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது. அதில் ஒரு பகுதியை வைத்து வீட்டைச் செப்பனிட்டோம். மகளின் அடுத்த ஆண்டுக் கட்டணம் கல்விக் கடனிலிருந்து, மழையோடு தொடர்பின்றி, உரிய நாளில் கல்லூரிக்குச் சென்றது. நகை முழுவதும் முன்னரே கல்லூரிக்குப் போயிருந்தால், அந்தத் திசம்பரில் வீட்டையோ படிப்பையோ நாங்கள் தெரிந்தெடுக்க நேர்ந்திருக்கும். நகையை 2017-இல் மீட்டோம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மீட்டு வந்த வளையல்களைத் துணியில் துடைத்து மகளிடம் தாமே கொடுத்தார்.

*

2018-இல் படிப்பு முடிந்தது. வேலை உடனே கிட்டவில்லை. திசம்பரில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் கிடைத்தது. எங்கள் கடன் எழுதப்பட்ட நாளில் இருந்த விதி, படிப்பு முடிந்து ஓராண்டு அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இவற்றுள் எது முந்தியதோ அப்போது தவணை தொடங்கும் என்பது. 2019 சூன் மாதத்தில் அவள் முதல் தவணையைக் கட்டினாள்.

ஒன்பது தவணை கட்டியபின் கொரோனா வந்தது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று மூன்று மாதத் தவணை விலக்கு அறிவித்தது. பின்னர் அது ஆகஸ்டு வரை நீட்டிக்கப்பட்டது. அவள் நிறுவனத்தில் ஊதியம் பாதியானது. விலக்கு என்ற சொல் இனித்தது. ஆயினும் விலக்கு தவணைக்கு மட்டுமே, வட்டிக்கு இல்லை. அப்போது நிலுவை ஏறத்தாழ 3,18,000 ரூபாய். ஒரு மாதம் கட்டாமல் விட்டால் ஏறத்தாழ 3,200 ரூபாய் வட்டி கூடும். ஆறு மாதமெனில் 19,000-ஐத் தாண்டும். மகளே கணக்கிட்டு, ஊதியம் பாதியாக இருந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும் விலக்கை எடுத்துக்கொண்டாள். மற்ற மாதங்களில் தவணை தவறவில்லை.

வேறு நாடுகள் இச்சிக்கலை வேறு விதமாக அணுகியுள்ளன. ஆஸ்திரேலியா 1989-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. அங்கே படித்தவரின் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பின்னரே வரியோடு சேர்த்துக் கடன் பிடிக்கப்படும்; வருமானம் வீழ்ந்தால் பிடித்தமும் நிற்கும். நம் நாட்டில் தவணை நாட்காட்டியைப் பார்க்கிறது. படித்தவரின் சட்டைப்பையைப் பார்ப்பதில்லை. ஆகையால் இங்கே நம் கையிருப்பே பாதுகாப்பு. மூன்று மாதத் தவணைக்குச் சமமான தொகையை முதல் ஊதியங்களிலிருந்தே தனியே வைக்குமாறு மகளிடம் சொல்லியிருந்தோம். கொரோனா நாட்களில் அது கைகொடுத்தது.

பாட்டி அஞ்சிய நாள் 2022-இல் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பல்லாவரத்திலிருந்து வந்திருந்தனர். பேச்சு நகை, மண்டபம் என்று போய்க்கொண்டிருந்தபோது, நாங்கள் கடன் செய்தியைச் சொன்னோம். இன்னும் இரண்டாண்டுத் தவணை இருக்கிறது. மகள் தன் ஊதியத்திலிருந்து கட்டுவாள். திருமணத்துக்குப் பின்னும் அது நிற்காது என்று எதையும் மறைக்காமல் கூறினோம். கூடத்தில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பாட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு மாப்பிள்ளையின் தந்தை தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க பையன் பேர்லயும் ஒண்ணு இருக்குதுங்க. அதை நாங்க எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டு இருந்தோம்." எல்லாரும் சிரித்தோம். பாட்டிதான் முதலில் சிரித்தார்.

*

மகனின் கதை வேறு. 2019-இல் அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, அக்காவைப் போல் அவனும் பொறியியல்தான் என்று உறவினர் முடிவு செய்திருந்தனர். அவனோ கணிதம் படிக்க விரும்பினான். தாம்பரம் பகுதியிலேயே அரசு உதவி பெறும் பாடப்பிரிவில் இடம் கிடைத்தது. கட்டணம் எங்கள் மாத வருமானத்துக்குள் அடங்கியது. கடனே தேவைப்படவில்லை. "அக்காவுக்கு அவ்வளவு, தம்பிக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரே தொகை செலவழிப்பதே சமநீதி என்று நாங்கள் கருதவில்லை. அவரவர் விரும்பிய படிப்பு அவரவருக்குக் கிடைத்ததா என்றே பார்த்தோம். கடன் கிடைக்கிறது என்பதற்காகப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எங்கள் பகுதியில் பரவி வருவதைப் பார்க்கிறோம். படிப்பு முதலில், செலவு அடுத்து, கடன் கடைசியில் என்ற வரிசை மாறாதிருக்கட்டும்.

இப்போது வழிகள் பெருகியுள்ளன. 2015-இல் தொடங்கிய வித்யாலட்சுமி இணையதளம் வழியே பல வங்கிகளுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. நடுவண் அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் உயர்ந்த ஏறத்தாழ 860 கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கு ஈடும் பிணையும் இல்லாத கடனுக்கு வகை செய்தது. வேறு அரசு உதவி பெறாத, ஆண்டு வருமானம் 8 லட்சம் வரையுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் அதில் உண்டு. அது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கே. அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழக அரசு 2021-இல் ஒதுக்கிக் கட்டணத்தையும் ஏற்றது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. தம் பிள்ளைக்கு இவற்றுள் எது பொருந்தும் என்று பன்னிரண்டாம் வகுப்பு நடக்கும்போதே பார்த்து வைப்பது நன்று.

கடன் அடைபட்டதும் வேலை முடிந்துவிடாது. நிலுவை இல்லை என்ற சான்றை வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கடன் தகவல் நிறுவனங்களின் பதிவிலும் கணக்கு முடிக்கப்பட்டதாக மாறியுள்ளதா என்று சில மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். எங்கள் மகள் 2024 ஆகஸ்டில் அந்தச் சான்றைப் பெற்றுப் புகைப்படமெடுத்து எங்களுக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "வட்டிக்கு நன்றி."

எங்கள் தெருவில் இவ்வாண்டு நான்கு பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கிறார்கள். இரு வீட்டார் ஏற்கனவே கணக்குக் கேட்டு வந்துவிட்டனர். எல்லாருக்கும் நாங்கள் சொல்வது ஒன்றுதான். வரும்போது பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். கடன் எழுதப்படுவது யார் பெயரிலோ, அவர் இல்லாமல் கணக்குப் போட வேண்டாம்.